ஏழு மணிச் சாப்பாடு

தாராவியில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தச் சந்து முழுக்க இட்லி போடும் வீடுகள். எல்லோரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்கு முதல் சைக்கிள் கிளம்பும். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, அதன் மேல் மெதுவடை, ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சாம்பார்த் தூக்கு, மறுபக்கம் சட்னித் தூக்கு, கைக்கு எட்டும் இடத்தில் ரப்பர்க் குமிழ் வைத்த ஹாரன்.

மூன்று மணிக்கு எழ வேண்டியவர்கள் ஒன்பதுக்காவது படுக்க வேண்டாமா? சாயங்காலம் நாலரைக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கும். அரிசி மாவும் உளுந்து மாவும் வழித்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, குண்டான்களில் ஊற்றி மூடும்போது ஆறு ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் எங்களுக்கான சமையல். அம்மாவுக்கு அதற்குக் கிடைத்தது அரை மணி நேரமும் ஒரு பம்ப் ஸ்டவ்வும். பெரிய அடுப்பு தொழிலுக்கு. அதை ராத்திரிச் சோற்றுக்காக மூட்ட மாட்டாள். ரேஷன் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுகிற காலம் அது.

அந்த அரை மணியில் அவள் செய்தவற்றில் எனக்கு இன்றும் நாக்கில் நிற்பது கோழிக் கீமா சேமியா.

கீமா எங்கள் வீட்டுக்குள் வந்ததே அப்பாவால்தான். மாட்டுங்காவில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அவர் இட்லி விற்பார். காலை ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லியை முடித்துவிட்டு ஓடுவார்கள். அங்கே கூட்டம் வடிந்ததும் சைக்கிளைக் கிங் சர்க்கிள் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். அந்த வட்டாரத்தில் இட்லிக்கு என்றே பெயர் வாங்கிய கடைகள் உண்டு. கஃபே மெட்ராஸ் 1940இல் தொடங்கியது. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி ராமநாயக்கின் உடுப்பி ஹோட்டலில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். ஆனால் இட்லி விற்று முடித்தவருக்கு இட்லியா இறங்கும்? கிங் சர்க்கிளிலேயே கூலார் என்ற பழைய இரானி ஹோட்டல். சைவச் சாப்பாட்டுக்குப் பேர் போன இடத்தின் நடுவில் அங்கே மட்டும் கீமா பாவ் மணக்கும். கையில் காசு மிஞ்சிய நாளில் அப்பா அங்கே உட்கார்ந்து கீமாவும் பாவும் சாப்பிட்டு ஒரு சாய் குடிப்பார். வீட்டுக்கு வந்து அதன் ருசியை அம்மாவிடம் விவரிப்பார். அந்த விவரணையை வைத்து அம்மா சமைத்தாள். ஆட்டுக்கறி விலைக்கு எட்டாது. அதனால் கோழி.

கோழிக்கடை பாய் எலும்பில்லாத சதையைப் புளியமரக் கட்டையில் போட்டு, இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்துக் கொத்துவார். மெஷின் கீமா கூழாகிவிடும். கத்திக் கீமாவில் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக வாயில் தெரியும். அம்மா வெங்காயத்தைப் பொடியாக அரிந்து எண்ணெயில் கண்ணாடியாகும் வரை வதக்குவாள். இஞ்சி பூண்டு, தக்காளி, பிறகு கீமா. அது நிறம் மாறியதும் மிளகாய்த்தூள். வறுத்து டப்பாவில் தயாராக வைத்திருக்கும் சேமியாவைக் கொட்டி, கொதிநீர் ஊற்றி மூடிவிடுவாள். தண்ணீர் சுண்டியதும் ஒரு கரண்டித் தயிரைக் கலக்கி இறக்குவாள். அந்தத் தயிர் எதற்கென்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. சேமியா ஒட்டாமல், வறளாமல், இலேசான புளிப்போடு இருக்கும். நிறம் மட்டும் அப்படி ஒரு சிவப்பு. பார்த்தால் கண்ணில் நீர் வரவைக்கும் காரம் என்று தோன்றும். தங்கைக்கு ஊட்டிவிடலாம், அவ்வளவு இதமாக இருக்கும்.

பெரிய மசூதியில் மக்ரிப் பாங்கு கேட்பதற்கும் அம்மா தட்டுகளைப் பரப்புவதற்கும் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாப் பக்கமிருந்து சூளைப் புகை வரும், எங்கள் சந்திலிருந்து தாளிப்பு வாசனை போகும். வீட்டுக்கு வீடு கதவு திறந்தே கிடக்கும். எதிர் வீட்டுச் சித்தி வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏட்டி, உங்க வீட்ல இன்னிக்கு கறி சேமியாவா? மணக்குல்லா!" அதற்கு என்ன பொருள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு கிண்ணம் போகும். போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. கருவாட்டுக் குழம்போ, நாலு அப்பளமோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு அச்சு வெல்லமோ அதில் இருக்கும். சந்தே ஒரே நேரத்தில் சாப்பிட்டது. ஒன்பது மணிக்குச் சந்தே ஒரே நேரத்தில் படுத்தது.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது லால்பாகிலிருந்து வந்தது.

மே மாதம் வந்தால் மும்பையில் வருடத்துக்கான மசாலா அரைக்கும் காலம். மழைக்கு முன் மிளகாயைக் காயவைத்து, வறுத்து, இடித்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். ஜூன் வந்துவிட்டால் எதுவும் காயாது. சயானில் ரயில் ஏறிக் கர்ரி ரோட்டில் இறங்கி அம்மாவோடு நடப்பேன். மிர்ச்சி கல்லிக்கு வழி கேட்கத் தேவையில்லை. தும்மல் வந்தால் நெருங்கிவிட்டோம். இரண்டு பக்கமும் கோணிச் சாக்குகளில் மிளகாய் குவிந்திருக்கும். பேட்கி, காஷ்மீரி, சங்கேஷ்வரி, குண்டூர். தெருவோரம் பெரிய இரும்பு வாணலியில் மராத்திப் பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வறுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் டங்கா. வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் மெஷினில் ஏறி இறங்கி உரலில் இடிக்கும். உலக்கை இடிக்கும் தூளில் எண்ணெய் நிற்கும். மாவு மில்லில் அரைபட்ட தூள் சூடேறி மணம் போய்விடும் என்பது அம்மாவின் உறுதியான கட்சி. அனுபவித்தவரை அவள் சொன்னது சரி.

அவள் கணக்கு இப்படி: மூன்று பங்கு பேட்கி நிறத்துக்கு, ஒரு பங்கு ஊரிலிருந்து வந்த முண்டு மிளகாய் காரத்துக்கு. பேட்கி கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மிளகாய். நீளமாக, சுருக்கம் விழுந்த தோலோடு, விதை குறைவாக இருக்கும். காரம் கொஞ்சம், சாயம் அதிகம். அந்தச் சாயத்தைப் பிரித்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகளே உண்டு. 2011இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரத்து முண்டு அதற்கு நேர் எதிர். குட்டையாக, உருண்டையாக, தோல் தடித்து, கடித்தால் காது அடைக்கும். ஊருக்குப் போய் வருகிறவர்கள் யாராவது மூட்டையில் கொண்டுவந்து தருவார்கள். கண்ணுக்கு ஒரு மிளகாய், நாக்குக்கு ஒரு மிளகாய் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தும்மல் தெருவில்தான்.

பல வருடம் கழித்து அந்தப் பாடம் புடாபெஸ்ட்டில் உதவியது.

கம்ப்யூட்டர் வேலையாகச் சில காலம் அங்கே இருந்தேன். டான்யூப் கரையில் பச்சை நிற இரும்புப் பாலம் ஒன்று, அதன் தலைமாட்டில் 1897இல் திறந்த பெரிய சந்தைக் கட்டடம். உள்ளே நுழைந்தால் கடைக்குக் கடை மிளகாய்ச் சரம் தொங்கும். பாப்ரிகா என்று அவர்கள் சொல்லும் மிளகாய்த்தூள் துணிப் பைகளில் அடுக்கியிருக்கும். இனிப்பு வகை, கார வகை என்று தனித்தனி. விற்கிற அம்மாள் இனிப்புத் தூளைக் கொஞ்சம் என் உள்ளங்கையில் கொட்டினார். நக்கிப் பார்த்தேன். காரமே இல்லை, இலேசான தித்திப்பு, மோந்தால் வெயிலில் காய்ந்த தோலின் மணம். பேட்கியின் சொந்தக்காரி என்று உடனே தெரிந்துவிட்டது.

சொந்தம் உண்மையானதுதான். மிளகாய் நம்முடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியக் கப்பலில் கோவாவில் இறங்கி நம் பக்கம் பரவியது. ஹங்கேரிக்குத் துருக்கியர் வழியாகப் போனது. புடா நகரம் 1541 முதல் 1686 வரை துருக்கியர் ஆட்சியில் இருந்தது. முதலில் ஏழை எளியவர்களும் மாடு மேய்ப்பவர்களும்தான் அதைச் சாப்பிட்டார்கள். மிளகு வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது மிளகு. வசதியானவர்கள் மேசைக்கு அது ஏறப் பல காலம் ஆயிற்று. காரம் குறைந்த தூளுக்காக விதையையும் உள் நரம்பையும் நீக்கி அரைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. சேகெட், கலோச்சா என்ற இரண்டு ஊர்களுக்கும் மிளகாயால்தான் பெயர்.

சேகெட் என்றால் ஆல்பர்ட் சென்ட்‌ஜ்யோர்ஜியை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வைட்டமின் சி பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். சோதனைக்குப் போதுமான அளவு அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் திணறிக்கொண்டிருந்த நாளில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனைவி பச்சையாக பாப்ரிகா வைத்தாராம். அவருக்குத் தின்ன மனமில்லை. அதை மனைவியிடம் சொல்லவும் தைரியமில்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். நடு ராத்திரிக்குள் அது வைட்டமின் சி நிறைந்த பொக்கிஷம் என்று தெரிந்துவிட்டது. அவரே பின்னாளில் சொன்ன கதை இது. 1937இல் நோபல் பரிசு. அந்த அம்மையார் சாப்பாட்டு மேசையில் மிளகாயை வைத்த வேளை நல்ல வேளை.

புடாபெஸ்ட்டில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஆபீஸ் ஜன்னல் கறுத்துவிடும். ஐந்து மணிக்கு டிராமில் ஏறினால் நடுநிசி போல இருக்கும். அந்த ஊரார் மதியம்தான் சூடாக, வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். ராத்திரிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்து மேசையில் வேலை பார்த்த பெண்ணிடம் குளிருக்கு இதமாக, சீக்கிரம் ஆகிற மாதிரி என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர்களுடைய கோழி பாப்ரிகாஷை எலும்புத் துண்டுகளோடு செய்தால் ஒரு மணி நேரம் வேக வேண்டும். வேலை நாளில் அவள் அதை அரைத்த கோழியிலோ வான்கோழியிலோ செய்துவிடுவாளாம். அரைத்த வான்கோழி அங்கே எந்தக் கடையிலும் தட்டில் அடைத்துக் கிடைக்கும். கூடவே முட்டை நூடுல்ஸ்.

அவள் அடுக்களையில் நின்று பார்த்தேன். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, கொழுப்பில் கண்ணாடியாகும் வரை வதக்கினாள். சிவக்க விடவில்லை. பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். இறக்கிய சட்டியில்தான் பாப்ரிகாவைக் கொட்டிக் கிளறினாள். அந்தத் தூளில் சர்க்கரை உண்டு, எரிகிற அடுப்பில் போட்டால் கணத்தில் கருகிக் கசந்துவிடும். ஆனால் நிறம் இறங்கச் சூடான கொழுப்பு வேண்டும், தண்ணீரில் அது கரையாது. அதனால் அந்த இடைப்பட்ட சூடு. உடனே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி அடுப்பில் ஏற்றி, கீமா, நறுக்கிய குடைமிளகாய், ஒரு தக்காளி, உப்பு. மூடி பதினைந்து நிமிடம். கடைசியில் புளித்த பாலாடையில் ஒரு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் அடித்து, சட்டியிலிருந்து ரெண்டு கரண்டி சூடான குழம்பை அதில் ஊற்றிப் பழக்கி, பிறகு சட்டியில் சேர்த்தாள். வெந்த நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

முதல் கவளத்திலேயே அம்மாவின் தயிர்க் கரண்டி நினைவுக்கு வந்துவிட்டது. சிவப்பு, புளிப்பு, கீமாவின் துணுக்கு, நூல் நூலாக மாவு. மணி ஆறரை. வெளியே இருட்டு. நானும் அவளும் அவள் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்தோம். எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அதைச் செய்தேன். ஊர் நினைப்பு வந்தபோதெல்லாம் செய்தேன் என்று சொன்னால் தினமும் செய்தேன் என்று பொருள். என்னோடு வேலை பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதே கட்டடத்தில் இருந்தார்கள். ஆறு மணிக்கு வாசனை போகும், ஆறே காலுக்குக் கதவு தட்டும் சத்தம் வரும். "அக்கா, இன்னிக்கும் அதானே?" இருட்டு சீக்கிரம் வந்ததால் எல்லோரும் சீக்கிரம் கூடு அடைந்தார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. தாராவியில் விடியற்காலை அடுப்பு செய்ததை அங்கே குளிர்காலச் சூரியன் செய்தது.

இப்போது இருப்பது மும்பையிலேயே செம்பூரில், செட்டா நகர் முருகன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில். நல்ல வீடு. காற்று வரும், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும். தண்ணீருக்குக் காலையில் குடம் வைத்து நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கஷ்டம் எனக்குத் திரும்ப வேண்டாம். அம்மாவின் முதுகு வலியும் மண்ணெண்ணெய்ப் புகையும் யாருக்கும் வேண்டாம். அந்த நேரம் மட்டும் வேண்டும்.

இங்கே அந்தச் சாப்பாட்டை இருக்கிறதைக் கொண்டு செய்கிறேன். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கோழிக் கீமா அரைக் கிலோ. லால்பாக் பேட்கித் தூள் ரெண்டு மேசைக்கரண்டி, முண்டு ஒரு சிட்டிகை. கெட்டித் தயிரைத் துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, ரெண்டு கரண்டி கிரீமும் ஒரு தேக்கரண்டி மைதாவும் சேர்த்து அடித்தால் அந்தப் புளித்த பாலாடைக்கு மிக அருகில் வருகிறது. மைதா இல்லாவிட்டால் திரிந்துவிடும். முட்டை நூடுல்ஸ் கிடைக்காத நாளில் சேமியாதான், அதுவும் நன்றாகவே சேர்கிறது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ருசியில் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்திருந்தால், சட்டியை இறக்கிவிட்டுத் தூள் போடும் அந்த ஒரு சூட்சுமத்தை உடனே எடுத்துக்கொண்டிருப்பாள்.

செய்து மூடி வைக்கிறேன். மணி ஆறே முக்கால். வீட்டில் நான் மட்டும் இருப்பேன். என் வீட்டுக்காரர் கோட்டைப் பகுதியில் வேலை முடித்து ஹார்பர் ரயிலில் வந்து சேர ஒன்பது. மகன் வகுப்பு முடிந்து வெளியிலேயே எதையோ கொறித்துவிட்டு வருவான். பத்து மணிக்கு ஒருத்தர் மைக்ரோவேவில் சுட வைப்பார், பதினொன்றுக்கு இன்னொருத்தர். அடுக்களைப் புகைபோக்கி வாசனையை வெளியே இழுத்துத் தள்ளிவிடுகிறது. எதிர்ப்புறக் கதவுக்குள் யார் என்ன சமைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, நான் சமைத்தது அவர்களுக்கும் தெரியாது. இந்த நகரத்தில் சீக்கிரச் சமையல் என்றால் இன்று தனியாகச் சாப்பிடுவதற்கான சமையல் என்று ஆகிவிட்டது. ரெண்டு நிமிடத்தில் ஒருத்தருக்கு. அம்மா அவசரமாகச் சமைத்தது எல்லோரும் ஒன்றாக உட்கார நேரம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்த அவசரம்தான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒரு வீடு முழுக்க, ஒரு சந்து முழுக்க ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடிய அந்தச் சாயங்கால ஓட்டம்.

தாராவி ரூமில் தம்பி குடும்பம் இருக்கிறது. அவனும் இட்லிதான். மூன்று மணி அடுப்பு இன்றும் அணையவில்லை. மண்ணெண்ணெய் போய் சிலிண்டர் வந்திருக்கிறது, சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. கதவுகளில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடியில் வீடு தருவதாகச் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே. தொழிலுக்கும் இடம் உண்டு என்கிறார்கள். மேல்மாடி கட்டிக் குடியிருப்பவர்களுக்கு வேறு கணக்கு.

வீடு நல்லதாக வரட்டும். கழிவறை வீட்டுக்குள்ளேயே வரட்டும். என் தம்பி மகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் நாலு பெரிய இட்லிக் குண்டான்களையும் ரெண்டு கிரைண்டர்களையும் எத்தனையாவது மாடிக்கு ஏற்றுவது, விடிகாலை மூன்று மணிக்கு அந்தச் சத்தத்தைக் கீழ் வீட்டுக்காரர் பொறுப்பாரா, நூற்றுக்கணக்கான இட்லியோடு சைக்கிளை லிஃப்டில் எப்படி இறக்குவது என்று தம்பி கேட்கிற கேள்விகளுக்கு இதுவரை யாரும் அவனிடம் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. வேலை இடம் ஒரு கட்டடத்தில், வீடு இன்னொரு கட்டடத்தில் என்று ஆனால் அந்த அரை மணிச் சமையல் எங்கே நடக்கும்? திட்ட வரைபடத்தில் அதற்குக் கட்டம் போட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

போன வாரம் தம்பி மனைவியிடம் போனில் பேசினேன். புடாபெஸ்ட்டில் கற்றதை அங்கே வந்து செய்து தருகிறேன், குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். கீமாவைச் செம்பூரிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நம்ம பாய் கடையிலேயே கத்தியால் கொத்தி வாங்கி வைக்கிறேன் என்றாள். தயிரும் அங்கேயே தோய்த்துவிடுவாளாம். போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னாள்.

"சனிக்கிழமை வாங்க மதினி. ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க. மாவு கரைச்சு முடிச்சதும் அடுப்பு உங்களுக்குத்தான். ஏழரை எட்டுன்னு வந்தீங்கன்னா நாங்க சாப்ட்டுப் படுக்க விரிச்சிருவோம்."

கிரீம் மட்டும் நான் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.